காலாட்படை வீரராகச் சேர: அக்னிவீர் ஜிடி ஆள்சேர்ப்புக்கான முழுமையான வழிகாட்டி

விண்ணப்பப் படிவத்தில் 'காலாட்படை' என்று ஒரு கட்டத்தைத் தேடினால் கிடைக்காது. 2022 ஜூனில், நான்கு ஆண்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, இந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேர விரும்புகிறவர்களுக்கான பொது வழி 'அக்னிவீர் ஜெனரல் டியூட்டி' பிரிவுதான். பேச்சில் எல்லோரும் ஜிடி என்பார்கள். காலாட்படைக்கு ஆள் எடுப்பது இந்தப் பிரிவிலிருந்துதான். தேர்வானவரை எந்த ரெஜிமெண்டுக்கு அனுப்புவது என்பது ராணுவத்தின் முடிவு. தமிழ்நாட்டுப் பையன்களில் பலர் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்குப் போவார்கள். அதே ஜிடி பட்டியலிலிருந்து பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் அனுப்பப்படுகிறவர்களும் உண்டு.

ஆள்சேர்ப்பு நடக்கும் வரிசை இது: ஆன்லைன் விண்ணப்பம், கணினி வழித் தேர்வு, பிறகு முகாமில் ஓட்டம், புல்-அப்ஸ், உடல் அளவு, சான்றிதழ் சரிபார்ப்பு, மனத்தகவுத் தேர்வு (ராணுவ வாழ்க்கைக்கு மனம் ஒத்துப்போகுமா என்று பார்ப்பது), கடைசியாக மெடிக்கல். பலரும் இதே வரிசையில் தயாராகிறார்கள். எங்கள் கருத்தில் அது தலைகீழாக இருக்க வேண்டும். ஒரு வருஷம் ஓடி, பரீட்சையும் எழுதி, கடைசி நாளில் வெரிகோஸ் நரம்புக்காகவோ சான்றிதழில் தகப்பனார் பெயர் மாறியிருப்பதற்காகவோ திரும்புகிறவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். உடம்பையும் காகிதங்களையும் முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தால் ஓட்டத்தையும் படிப்பையும் ஆரம்பியுங்கள்.

அடிப்படைத் தகுதி

வயது பதினேழரை முதல் 21 வரை என்று திட்டம் தொடங்கியபோது வகுத்தார்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் 'இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையே பிறந்தவர்' என்று போடுவார்கள். அந்த இரண்டு தேதிகள்தான் கணக்கு. ஒரு நாள் வெளியே இருந்தாலும் தளம் உங்கள் விண்ணப்பத்தை ஏற்காது.

படிப்பு பத்தாம் வகுப்பு. மொத்தத்தில் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் வேண்டும். நம் எஸ்எஸ்எல்சி-யில் பாஸ் மார்க்கே 35 என்பதால் இரண்டாவது நிபந்தனை தானாகத் தீர்ந்துவிடும். சிக்கல் முதலாவதில்தான். ஐந்து பாடத்துக்கும் சேர்த்து 500-க்கு 225 வேண்டும். எல்லாப் பாடத்திலும் ஒட்டிப் பாஸ் ஆனவருக்கு 175 முதல் 200 வரைதான் வந்திருக்கும். மதிப்பெண் பட்டியலை எடுத்து இப்போதே கூட்டிப் பாருங்கள்.

திருமணம் ஆகியிருக்கக் கூடாது. தமிழ்நாடு, புதுச்சேரிக்கு உயரம் 166 செ.மீ., மார்பளவு 77 செ.மீ., மூச்சு இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். எடை, உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்றபடி இருக்க வேண்டும். ராணுவத்தினர், முன்னாள் ராணுவத்தினர் மகன்களுக்கும் தேறிய விளையாட்டு வீரர்களுக்கும் அளவில் சிறிது தளர்வு உண்டு. அதற்குரிய சான்றிதழ் கையில் இருந்தால்தான் அது செல்லும்.

பெண்களுக்குக் காலாட்படைப் பிரிவு திறக்கப்படவில்லை. ராணுவக் காவல் படைக்குத் தனி அறிவிப்பு வரும். அதன் அளவுகளும் ஓட்ட நேரமும் வேறு.

மெடிக்கல்: வீட்டிலேயே பார்க்கக் கூடியவை

ராணுவ மருத்துவர் பார்ப்பதில் பாதியை நீங்களே ஒரு மாலைப் பொழுதில் பார்த்துவிடலாம்.

பாதத்தை நனைத்துச் சிமெண்ட் தரையில் நில்லுங்கள். ஈரத்தடத்தில் உட்புறம் ஒரு வளைவு விழ வேண்டும். முழுப் பாதமும் பலகை போலப் பதிந்தால் தட்டைப் பாதம். நுனிக்காலில் எழும்பி நிற்கும்போது அந்த வளைவு தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். எலும்பு மருத்துவரிடம் ஒரு முறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு கால்களைச் சேர்த்து நேராக நில்லுங்கள். முழங்கால்கள் இரண்டும் ஒட்டியிருக்க, கணுக்கால்களுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால் முட்டி தட்டும் கால். முகாமில் நிறையப் பேரைத் திருப்பி அனுப்புவது இதுதான். தொடையில் சதை அதிகம் இருப்பதாலும் இப்படித் தோன்றலாம். எடை குறைந்தால் அது சரியாகும். எலும்பே அப்படி அமைந்திருந்தால் உடற்பயிற்சியால் மாறாது. தலையணையை முழங்கால் நடுவே கட்டித் தூங்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

கைகளை உள்ளங்கை முன்னோக்கி இருக்கும்படி தொங்கவிட்டுப் பாருங்கள். முழங்கையிலிருந்து கை அளவுக்கு மீறி வெளிப்பக்கம் விலகினாலும் நிராகரிப்பார்கள். கெண்டைக்காலில் புழு மாதிரி நெளிந்து புடைத்த நரம்பு, விரைப்பையில் வீக்கம் அல்லது நரம்புச் சுருள், மூலம், குடலிறக்கம் ஆகியவற்றை வெட்கம் பார்க்காமல் அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். இவற்றில் பலவும் அறுவை செய்தால் சரியாகும். ஆனால் அறுவைக்குப் பிறகு சில மாதங்கள் கழிந்தால்தான் தகுதி தருவார்கள். அதனால்தான் இதை முதல் வேலையாகச் சொல்கிறோம். முகாமுக்கு மூன்று வாரம் முன்னால் தெரிந்து பயனில்லை.

கண்: ஒவ்வொரு கண்ணிலும் கண்ணாடி இல்லாமல் 6/6 வேண்டும். நிறப் பார்வை சோதனையும் உண்டு. பல்: பற்களுக்குப் புள்ளி போட்டு எண்ணுவார்கள், குறைந்தது 14 புள்ளி வேண்டும். முன்பற்களுக்கு ஒவ்வொன்றும் 1, கடைவாய்ப் பற்களுக்கு 2. சொத்தையை அடைத்துவிட்டால் பிரச்சினை தீரும். காதில் குறும்பி இருந்தால் செவிப்பறை தெரியாது, அதனாலேயே தற்காலிக நிராகரிப்பு வரும். முகாமுக்குப் பத்து நாள் முன்பு காது மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள். நீங்களே குச்சி விட்டு நோண்டினால் புண் ஆகி அதற்கும் நிறுத்துவார்கள். தேமல், படர்தாமரைக்கு மருந்து தொடங்கக் குறைந்தது ஒரு மாதமாவது முன்னால் வேண்டும்.

பச்சை குத்தியிருந்தால், முன்னங்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டுமே அனுமதி. தோள், நெஞ்சு, கழுத்தில் இருந்தால் நிராகரிப்புதான். சில பழங்குடிச் சமூகங்களுக்கு வழக்கத்தின் அடிப்படையில் தனி விதி உண்டு.

சான்றிதழ்கள், குறிப்பாக இன்ஷியல்

தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்களை வட இந்தியர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் துரத்துகிறது. பத்தாம் வகுப்புப் பட்டியலில் 'கார்த்திக் மு' என்றும், ஆதாரில் 'கார்த்திக் முருகன்' என்றும், சாதிச் சான்றிதழில் 'மு. கார்த்திக்' என்றும் இருக்கும். தகப்பனார் ஒன்றில் முருகன், இன்னொன்றில் முருகன் பெ, மூன்றாவதில் முருகேசன். நமக்கு எல்லாம் ஒரே ஆள். சரிபார்க்கும் மேசையில் இருக்கும் ஹவில்தாருக்கு அப்படித் தெரியாது.

ராணுவத்துக்கு அடிப்படை ஆவணம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். உங்கள் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றிலும் மற்ற ஆவணங்கள் அதற்கு ஒத்துப் போக வேண்டும். ஆகவே ஆதாரைத்தான் திருத்த வேண்டும், மதிப்பெண் பட்டியலை அல்ல. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். எழுத்துக்கு எழுத்து, இன்ஷியல் இருக்கும் இடம், நடுவில் வரும் இடைவெளி வரை பார்த்து ஒரே தடவையில் முடியுங்கள். மதிப்பெண் பட்டியலிலேயே தவறு இருந்தால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

சேகரிக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியல், மேலே படித்திருந்தால் அதன் அசல், மாற்றுச் சான்றிதழ், தாசில்தார் வழங்கும் இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அதில் மதம் குறிப்பிடப்படாவிட்டால் தனியாக மதச் சான்று, கடைசியாகப் படித்த பள்ளியின் நன்னடத்தைச் சான்று, ஊராட்சித் தலைவர் அல்லது நகராட்சி தரும் நன்னடத்தைச் சான்று, காவல் துறை நன்னடத்தைச் சான்று, திருமணமாகாதவர் சான்று, ஆதார், பான் கார்டு, உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், அறிவிப்பில் கொடுத்திருக்கும் மாதிரிப்படி நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். என்சிசி, விளையாட்டு, முன்னாள் ராணுவத்தினர் மகன் என்ற உறவுச் சான்று இருந்தால் அவையும்.

இவற்றில் ஊராட்சி நன்னடத்தைச் சான்றும் திருமணமாகாதவர் சான்றும் ஆறு மாதத்துக்குள் வாங்கியவையாக இருக்க வேண்டும், புகைப்படமும் ஒட்டியிருக்க வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைத்து முகாம் தள்ளிப்போனதும் காலாவதியாகி நிற்பவர்கள் உண்டு. வருவாய்த் துறைச் சான்றுகளை இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். இந்த இரண்டை மட்டும் முகாம் தேதி தெரிந்த பிறகு வாங்கினால் போதும். அசல்களோடு சான்றொப்பமிட்ட நகல் இரண்டு செட், வெள்ளைப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம் 20. படம் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக, கண்ணாடி, தொப்பி, தாடி இல்லாமல் இருக்கட்டும். கணினியில் வெள்ளையாக்கி முகத்தை மெருகேற்றிய படத்தை ஏற்க மாட்டார்கள்.

விண்ணப்பம் போடும்போது

'ஜாயின் இந்தியன் ஆர்மி' என்ற ராணுவத்தின் அதிகாரப்பூர்வ தளம் ஒன்றுதான். முகவரி 'என்ஐசி.இன்' என்று முடிய வேண்டும். அதே பெயரில் விளம்பரம் போடும் தனியார் தளங்களில் பணம் கட்டாதீர்கள். கட்டணம் 250 ரூபாய். தேர்வுச் செலவில் மீதிப் பாதியை ராணுவம் ஏற்கிறது.

1. உங்கள் சொந்த செல்பேசி எண், சொந்த மின்னஞ்சல் ஆகியவற்றில் பதிவு செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் போட்டால் அவசரத்துக்கு அவர்கள் மின்னஞ்சலையே கொடுத்துவிடுவார்கள். பிறகு அட்மிட் கார்டு யாருக்கோ போகும். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள்.

2. பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, பதிவெண் அனைத்தையும் பத்தாம் வகுப்புப் பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

3. மாவட்டம் என்பது இருப்பிடச் சான்றிதழில் உள்ள மாவட்டம். சென்னையில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்துப் பையன் ராமநாதபுரத்தைத்தான் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி என்று மூன்று ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் இருக்கின்றன. மாவட்டத்தை வைத்துத் தளமே உங்களை உரிய அலுவலகத்தில் சேர்க்கும். கூட்டம் குறைவு என்று நினைத்து வேறு மாவட்டத்தைக் கொடுத்தால் சான்றிதழ் மேசையில் மாட்டிக்கொள்வீர்கள்.

4. பிரிவில் அக்னிவீர் ஜெனரல் டியூட்டியைத் தேர்ந்தெடுங்கள். 2025 அறிவிப்பிலிருந்து இரண்டு பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். டிரேட்ஸ்மேன், டெக்னிக்கல் போன்றவற்றில் தகுதி இருந்தால் அதையும் சேர்த்துப் போடுவது நல்லது.

5. தேர்வு மொழியில் தமிழ் உண்டு. 2025-ல் 13 மொழிகளில் தேர்வு நடந்தது. மொழியைக் கவனிக்காமல் விட்டு இந்தியில் வினாத்தாள் வந்து விழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

6. புகைப்படம், கையெழுத்தைத் தளம் கேட்கும் கேபி அளவுக்குச் சுருக்கி ஏற்றுங்கள். கையெழுத்து வெள்ளைத் தாளில் கருப்பு மையில் இருக்கட்டும். முகாம் வரை அதே கையெழுத்துதான்.

7. பணம் கட்டி வங்கியில் பிடித்தும் தளத்தில் காட்டாவிட்டால், உடனே இரண்டாவது விண்ணப்பம் போடாதீர்கள். ஒரு நாள் பொறுத்து நிலையைப் பாருங்கள். ஒரே ஆள் இரண்டு பதிவு போட்டதாகத் தெரிந்தால் இரண்டுமே ரத்தாகலாம்.

கடைசி நாள் மாலையில் தளம் திணறும். முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

கணினி வழித் தேர்வு

ஒரு மணி நேரம், 50 கேள்விகள், 100 மதிப்பெண். சரியான விடைக்கு 2, தவறுக்கு அரை மதிப்பெண் கழியும். பொது அறிவு, பொது அறிவியல், கணிதம் மூன்றும் பெரும்பகுதி, கொஞ்சம் தர்க்கம். கணிதத்தில் மீச்சிறு பொது மடங்கு, விகிதம், சதவீதம், வட்டி, பரப்பளவு ஆகியவை திரும்பத் திரும்ப வருபவை. அறிவியலுக்கு நம் ஒன்பது, பத்தாம் வகுப்புச் சமச்சீர்ப் பாடப்புத்தகம் போதும். வழிகாட்டிப் புத்தகங்களைவிட அது தெளிவு.

கழிவு மதிப்பெண்ணுக்குப் பயந்து பதினைந்து கேள்வியைக் காலியாக விட்டு வருவது கணக்குப்படி தவறு. நான்கு விடைகளில் ஒன்றை உறுதியாக நீக்க முடிந்தால், மீதி மூன்றில் ஒன்றைத் தொட்டாலே சராசரியாக 0.33 லாபம். ஒன்றுமே தெரியாமல் தொட்டால் சராசரி லாபம் 0.125தான், அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம். பாஸ் மார்க் வாங்கினாலே முகாமுக்கு அழைப்பு வரும் என்று நினைக்காதீர்கள். காலியிடத்துக்கு ஏற்ப மேலிருந்து வெட்டி எடுப்பார்கள்.

என்சிசி ஏ சான்றிதழுக்கு 5, பி சான்றிதழுக்கு 10 போனஸ் மதிப்பெண். சி-க்கு அதற்கும் மேல். பள்ளியிலோ கல்லூரியிலோ என்சிசி இருந்து இன்னும் சேராதவர்கள் யோசிக்கலாம்.

1.6 கிலோமீட்டர்

ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முதல் குரூப், 60 மதிப்பெண். 5:31 முதல் 5:45 வரை இரண்டாவது குரூப், 48. 2025 அறிவிப்பில் 6:00 வரை ஒரு குரூப்பும் 6:15 வரை ஒரு குரூப்பும் சேர்த்தார்கள். அவற்றுக்கு 36, 24. புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40, ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஆறுக்குக் கீழே தகுதியில்லை. ஆக, கடைசிக் குரூப்பில் வந்து ஆறு எடுத்தவருக்கு 40, முதல் குரூப்பில் வந்து பத்து எடுத்தவருக்கு 100. தேறினால் போதும் என்ற எண்ணத்தில் பயிற்சி செய்யக் கூடாது.

400 மீட்டர் வட்டத்தில் நான்கு சுற்று. 5:30 என்றால் சுற்றுக்கு 82.5 விநாடி. உங்கள் மைதானத்தின் சுற்றளவைக் கயிறோ டேப்போ பிடித்து அளந்துகொள்ளுங்கள். செல்பேசிச் செயலி 1.6 என்று காட்டும் இடத்தில் உண்மைத் தூரம் 1.55 ஆகவும் இருக்கலாம். அந்த 50 மீட்டர் பத்து விநாடிக்குச் சமம், ஒரு குரூப் கீழே தள்ள அது போதும்.

ஆரம்பநிலையில் இருப்பவருக்கு 16 வாரம் வேண்டும்.

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு நான்கு நாள், 3 முதல் 5 கிலோமீட்டர், பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகம். இந்தக் கட்டத்தில் வேகம் காட்டுபவர்களுக்குத்தான் முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே எலும்பில் வலி வரும். வந்தால் ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்திச் சைக்கிள் மிதியுங்கள். வலியோடு தார்ச்சாலையில் ஓடினால் அது எலும்பு விரிசலில் போய் முடியும், மெடிக்கலும் போச்சு.

ஐந்தாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரை, ஒரு நாள் 400 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 85 முதல் 88 விநாடியில், நடுவே இரண்டு நிமிட நடை. இன்னொரு நாள் 800 மீட்டர் மூன்று தடவை, ஒவ்வொன்றும் 2:50 அளவில், நடுவே மூன்று நிமிடம். ஞாயிறு 6, 7 கிலோமீட்டர் மெதுவாக. மற்ற நாட்களில் பீம் (புல்-அப்ஸ் கம்பி) பயிற்சியும் ஓய்வும்.

பதினொன்று முதல் பதினான்கு வரை 400 மீட்டரை 80 முதல் 82-க்குக் கொண்டுவாருங்கள். அத்துடன் 200 மீட்டர் எட்டு தடவை, 38 விநாடியில். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் முழு 1.6 ஓடி நேரம் பாருங்கள். தினமும் முழுத் தூரத்தை உயிரைக் கொடுத்து ஓடுகிறவர் ஒரு கட்டத்துக்கு மேல் முன்னேறாமல் 5:50-லேயே நிற்பார். கடைசி இரண்டு வாரம் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

முகாமில் பெரிய பெரிய பேட்ச்சாக விடுவார்கள். விசில் அடித்ததும் கூட்டம் முதல் சுற்றை 68, 70 விநாடியில் பாயும், மூன்றாவது சுற்றில் பாதிப் பேர் நடப்பார்கள். முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால், வெளிப்பக்கமாக நின்றுகொள்ளுங்கள். நடுவில் நின்றால் தடுக்கி விழுவீர்கள். முதல் சுற்று 78, இரண்டாவது 83, மூன்றாவது 85, நான்காவது 80 என்று போனால் 5:26. முடியும் இடத்தில் நேரம் ஆனதும் கயிற்றைக் குறுக்கே இழுப்பார்கள். கோட்டைத் தொட்ட பிறகும் பத்தடி ஓடுங்கள். கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

புல்-அப்ஸுக்குக் கை முழுவதும் நீட்டித் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வர வேண்டும். உடம்பை ஆட்டினாலோ காலை உதைத்தாலோ எண்ண மாட்டார்கள். உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்கும் பிடியிலேயே பழகுங்கள். ஒன்று கூட எடுக்க முடியாதவர், ஸ்டூலில் ஏறித் தாடையை மேலே வைத்து ஐந்து விநாடி எண்ணியபடி மெதுவாக இறங்கட்டும். ஐந்து தடவை, வாரம் நான்கு நாள். முகாமில் ஓடி முடித்துச் சிறிது நேரத்தில் பீம் வரும். களைத்த உடம்போடு எடுக்கப் பழகாவிட்டால் வீட்டில் பன்னிரண்டு எடுப்பவர் அங்கே எட்டில் தொங்குவார். அதிகாலைக் கம்பியில் பனி ஈரம் இருக்கும். தொடுவதற்கு முன் கையையும் கம்பியையும் துணியால் துடையுங்கள்.

9 அடிப் பள்ளம் தாண்டுதலும் வளைந்து செல்லும் கட்டையில் நடப்பதும் தேர்ச்சிக்கு மட்டும், மதிப்பெண் கிடையாது. பள்ளத்தில் விழுகிறவர்கள் பெரும்பாலும் விளிம்புக்கு ஓரடி முன்பே காலை ஊன்றி எழும்புகிறவர்கள்.

ஊக்க மருந்து ஊசி, மாத்திரை என்று யாராவது மைதானத்தில் விற்றால் விலகிப் போங்கள். கண்டுபிடித்தால் தகுதிநீக்கம். கண்டுபிடிக்காவிட்டாலும் வெயிலில் சுருண்டு விழும் அபாயம் உண்டு.

முகாம் நாள்

நள்ளிரவு தாண்டி ஒன்று, இரண்டு மணிக்கே வரச் சொல்வார்கள். முந்தைய நாள் பகலிலேயே ஊர் போய்ச் சேர்ந்து மாலையில் தூங்கிவிடுங்கள். அட்மிட் கார்டை நல்ல தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். மங்கலாக இருந்தால் பார்கோடு ஸ்கேன் ஆகாது. ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வாழைப்பழமும் ரொட்டியும் போதும். பழகாத பானம் எதுவும் வேண்டாம். செல்பேசியை முழுதாக சார்ஜ் செய்து டேட்டாவும் போட்டு எடுத்துப் போங்கள். மனத்தகவுத் தேர்வு அதில்தான் நடக்கும். அங்கே கேட்கும் கேள்விகளுக்கு 'சரியான விடை' தேடி மாற்றி மாற்றிப் போட்டால் முன்னுக்குப் பின் முரணாகும். மனதில் பட்டதை வேகமாகப் போடுங்கள்.

மார்பளவு எடுக்கும் இடத்தில் ஒரு விஷயம். முதல் அளவு சாதாரண மூச்சில், இரண்டாவது முழுதாக இழுத்து. பயத்தில் நெஞ்சை நிமிர்த்தி முதல் அளவையே 81 ஆக்கிவிடுகிறார்கள். பிறகு 86 வர வேண்டும், வராது. முதல் தடவை மூச்சை இயல்பாக வெளியே விட்டு, தோளைத் தளர்த்தி நில்லுங்கள். 78-லிருந்து 83 வருவது எளிது.

உயரம் காலையில் சற்றுக் கூடுதலாக இருக்கும், ஒரு சென்டிமீட்டர் வரை. 166-ஐ ஒட்டி இருப்பவர்கள் முந்தின இரவு முழுக்க மூட்டையோடு நின்றுகொண்டிருக்காமல் படுத்திருப்பது நல்லது. குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் பலகையில் ஒட்ட, பார்வை நேராக.

மெடிக்கல் முடிவும் மறுபரிசீலனையும்

நிராகரிப்பு என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. அதே நாளில் ஒரு சீட்டு தருவார்கள். எந்தக் காரணம், எந்த ராணுவ மருத்துவமனை, எந்தத் தேதிக்குள் என்று அதில் இருக்கும். அங்கே நிபுணர் மறுபடி பார்ப்பார். அந்தத் தேதி தவறினால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், நீட்டிப்பு கேட்டு அலைய முடியாது. குறும்பி, சொத்தைப் பல், தோல் நோய் போன்றவற்றை இடையில் குணப்படுத்திக்கொண்டு போனால் தேறிவிடலாம். சீட்டில் காரணம் புரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள். ஊருக்குப் போய் மருந்துக்கடைக்காரரிடம் காட்ட வேண்டாம்.

இந்த இடைவெளியில்தான் 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று சொல்கிறவர்கள் மொய்ப்பார்கள். பணம் ஒரு பக்கம், உங்கள் பத்தாம் வகுப்பு அசலை உத்தரவாதமாக வாங்கி வைத்துக்கொண்டு தர மறுப்பது இன்னொரு பக்கம். நீங்கள் தேறினால் தன்னால் என்பார், தேறாவிட்டால் காணாமல் போவார்.

தேர்வான பிறகு

இறுதிப் பட்டியல் அதே தளத்தில் வரும். பிறகு ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குச் சான்றிதழ்களோடு அழைப்பார்கள், காவல் துறை விசாரணை நடக்கும். இந்த மாதங்களில் ஊர்த் தகராறில் பெயர் எஃப்ஐஆர்-இல் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை குத்துவதும் கல்யாணப் பேச்சும் ஒத்தி வைக்க வேண்டியவை.

பயிற்சி சுமார் 31 வாரம். கட்டளைகளும் வகுப்புகளும் இந்தியில் இருக்கும். வெலிங்டனிலும் அப்படித்தான். எண்கள், உடல் உறுப்புகள், திசைகள், 'புரிந்தது, புரியவில்லை' அளவுக்கு இப்போதே பழகினால் முதல் மாதம் பாதி சுலபமாகும்.

பணிக்காலம் பயிற்சி உட்பட நான்கு ஆண்டு. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்து 21,000 கைக்கு வரும். நான்காம் ஆண்டில் 40,000, கைக்கு 28,000. நீங்கள் போட்ட தொகைக்குச் சமமாக அரசும் போடும். நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி கிடையாது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. 48 லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு, அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். மற்றவர்கள் வெளியே வரும்போது வயது 22 முதல் 25 இருக்கும். குடும்பத்தில் இதை முன்னமே பேசித் தெளிவாக்கிவிட்டு விண்ணப்பிப்பதுதான் உசிதம். வீட்டில் பலரும் இன்னும் பழைய பதினைந்து வருஷப் பென்ஷன் கணக்கிலேயே இருக்கிறார்கள்.

பொது முகாமில் வாய்ப்புத் தவறியவர்களுக்கு இரண்டு பக்கவழிகள். தகப்பனாரோ அண்ணனோ ராணுவத்தில் இருந்தால், ரெஜிமெண்ட் மையங்கள் தாங்களே நடத்தும் தலைமையக ஒதுக்கீட்டு முகாம்களில் கலந்துகொள்ளலாம். யாரும் இல்லாவிட்டாலும், பிராந்திய ராணுவத்தின் (டெரிட்டோரியல் ஆர்மி என்ற பகுதி நேரப் படை) காலாட்படைப் பட்டாலியன்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 110-ஆவது பட்டாலியன் உள்ளது. அங்கே சிப்பாய்க்கு வயது வரம்பு 18 முதல் 42 வரை, முகாம் தேதிகள் நாளிதழ்களில் வரும்.